கையெட்டும் தூரம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் எங்கள் அடுக்ககத்துப் படிக்கட்டில் ஏறினால், தளத்துக்குத் தளம் வலித்தைலத்தின் வாசனை மாறிக்கொண்டே வரும், முதல் தளத்தில் நீலகிரித் தைலம், அடுத்ததில் கற்பூரமும் புதினா உப்பும், அதற்கும் மேலே பெயர் தெரியாத ஏதோ பச்சைக் களிம்பு, எல்லாவற்றுக்கும் காரணம் மொட்டை மாடியில் இருக்கும் தோட்டம்தான். திங்கள் முதல் சனி வரை நாற்காலியை விட்டு எழாதவர்கள், ஞாயிறு காலை காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு மேலே போய், தொட்டி மாற்றுவது, மண் கிளறுவது, பந்தல் கட்டுவது, உரம் கலப்பது என்று ஒரு வாரத்து வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மதியம் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் இடுப்பு பிடித்திருக்கும். திங்கட்கிழமை லிப்டில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பார்கள், கேட்டால் கத்தரி காய்த்திருக்கிறது என்று சிரிப்பார்கள்.

அப்படியொரு ஞாயிறு இரவு, நான்காம் தளத்து வீட்டுக் கதவிடுக்கிலிருந்து இவற்றில் எதிலும் சேராத ஒரு வாசனை வந்தது, கசப்பும் காரமுமாக மூக்கில் ஏறும் நொச்சியின் வாசனை. கொசுவை விரட்டும் என்று மாநகராட்சி ஒரு காலத்தில் வீடு வீடாகக் கொடுத்த கன்றுகளில் ஒன்று அவர்கள் தொட்டியில் எப்படியோ பிழைத்துக் கிடந்து, அன்றைக்கு வீட்டுக்காரரின் இடுப்புக்காகப் பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. படியிலேயே நின்றுவிட்டேன், சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த எங்கள் ஊர் வீட்டுப் புறவாசல், நொச்சி இலை கொதிக்கும் செப்பு அண்டாவும் அதன் அடியில் கொதும்பு எரியும் புகையுமாக, அப்படியே வந்துவிட்டது.

சனிக்கிழமை என்றால் தாத்தா தோட்டத்திலிருந்து வெயில் தாழும் முன்பே வந்துவிடுவார், ஓமம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆச்சி கிண்ணத்தில் வைத்திருப்பாள், இடுப்பில் துண்டோடு துவைகல்லில் உட்கார்ந்து அவர் தனக்குத்தானே தேய்த்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவசரமே இருக்காது, முழங்காலைச் சுற்றி வட்டமாக, கெண்டைக்காலில் கீழிருந்து மேலாக, தோள்பட்டைக்கு எட்டாத இடத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார், அதன் பிறகுதான் அண்டாவின் நொச்சி வெந்நீர். மேற்கே சாயும் வெளிச்சம் கொதும்புப் புகையில் பட்டு மஞ்சளாகும், அவருடைய முதுகு எண்ணெயில் மினுங்கும், எண்பதை நெருங்கிய ஆளின் முதுகு அவ்வளவு நேராக இருக்கக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நொச்சி இலைக்கு ஏதாவது சக்தி உண்டா, அல்லது வெந்நீரின் சூடுதான் தசையைத் தளர்த்தியதா என்று இன்றைக்குக் கேட்டால் நான் வெந்நீரின் பக்கம்தான் நிற்பேன், ஆனால் நொச்சி இல்லாமல் யாரும் அவ்வளவு நேரம் பொறுமையாக வெந்நீரை ஊற்றிக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்பதும் உண்மை.

முதுகை எண்ணெய் காப்பாற்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன். தாத்தா இருட்டோடு எழுந்திருப்பார், கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், போனதும் மம்பட்டியைத் தொட மாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாழை வரிசைக்குள் ஒரு நடை, வரப்பைச் சுற்றி ஒரு நடை, எந்த வாழை குலை தள்ளியிருக்கிறது, எந்தக் கத்தரியில் புழு விழுந்திருக்கிறது, ராத்திரி பன்றி வந்து போனதா என்று பார்த்துக்கொண்டே போவார், வெயில் தென்னையின் பாதி உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் குனிவார். சோம்பல் என்று ஆச்சி சொல்லுவாள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் ராத்திரி படுக்கையில் நீரை இழுத்து உப்பியிருக்கும், காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக எழுந்திருப்பதே அதனால்தான், எழுந்ததும் அந்த உப்பலோடு குனிந்து பாரம் தூக்கினால் டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம், கொஞ்ச நேரம் நடமாடியபின் குனிவது நல்லது என்று பல வருடம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்கு விளக்கினார், அவர் பேசப்பேச எனக்கு வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நடக்கும் தாத்தாவின் பின்னங்கழுத்து தெரிந்துகொண்டிருந்தது. அவர் டிஸ்க்கை நினைத்து நடக்கவில்லை, பன்றியை நினைத்துத்தான் நடந்தார்.

மம்பட்டிக்குக் கணை போடுவது அவருக்கு ஒரு சடங்கு, கருவேலம் கட்டையை ஆசாரி செதுக்கிக் கொடுத்தாலும் நிறைவாகாது, கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டு தார்சாவில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே இருப்பார், சுருள் சுருளாக மரத்தூள் மடியில் விழும், உள்ளங்கை ஓடும் இடத்தில் ஒரு சிலாம்பு நிற்கக்கூடாது, பிறகு விளக்கெண்ணெய் தடவி இரண்டு நாள் நிழலில் சாத்தி வைப்பார். அந்த மம்பட்டியை யாருக்கும் இரவல் தர மாட்டார், ஆளுக்கு ஆள் உயரம் வேறு, பிடி வேறு, அடுத்தவன் மம்பட்டியில் வெட்டினால் சாயங்காலம் தோளைத் தூக்க முடியாது என்பார். வாய்க்கால் வெட்டும்போது போகிற வரிசைக்கு வலது காலை முன்வைப்பார், திரும்பி வருகிற வரிசைக்கு இடது காலும் இடது கையும் முன்னால், இரண்டு பக்கமும் சமமாக வெட்டு விழும், இடது கையால் வெட்டும்போது கொஞ்சம் கோணலாகப் போகும், போகட்டும் என்று விட்டுவிடுவார். நான் வேகவேகமாக வெட்டி மூச்சு வாங்கினால், “ஏல, மண்ணு எங்கயும் ஓடிப்போவாது, நீ பைய வா” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார், வெற்றிலை போடும் நேரம் முதுகு நிமிரும் நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெட்டி திறந்து மூடியது என்று எண்ணியிருந்தால் இன்றைக்கு மருத்துவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்கச் சொல்லும் கணக்கோடு அநேகமாக ஒத்துப்போயிருக்கும். பாக்கும் புகையிலையும் வாய்க்குச் செய்த கேடு தனிக் கதை.

ஆச்சியின் ராஜ்ஜியம் புறவாசல்தான், கிணற்றடித் தண்ணீர் ஓடிப் பாயும் நாலு பாத்தி, கீரை, வெண்டை, சுவரோரம் அவரைப் பந்தல், ஒரு மூலையில் கற்பூரவல்லி. களை பிடுங்க அவள் குனியவும் மாட்டாள், மண்டியிடவும் மாட்டாள், ஒரு சாணுக்கு உயர்த்திய பலகை ஒன்று வைத்திருந்தாள், மாவிடிக்கும் மரத்தில் மிஞ்சிய துண்டு, அதில் உட்கார்ந்து களைக்கொத்தால் சுற்றிலும் கொத்துவாள், முன்னால் முடிந்ததும் பலகையை ஒரு முழம் நகர்த்துவாள், மறுபடி உட்காருவாள். எட்டி ஒரு கோரையைப் பிடுங்க நான் கையை நீட்டிச் சரிந்தால் விடமாட்டாள், “கையெட்டுத தூரந்தாம்ல வேல, அதுக்கு மேல எட்டணும்னா பலகைய நவுத்து.” இடுப்பைத் திருகிக்கொண்டு கையை நீட்டிப் பாரம் இழுப்பது தோட்ட வேலையில் எளிதாகப் பிடிப்பு விழ வைப்பது, அவளுக்கு அது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, ஒருமுறை அப்படி எட்டி விலா பிடித்துக்கொண்டு பத்து நாள் பாயோடு கிடந்ததிலிருந்து வந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அவரைக்கு ஊன்றிய குச்சிகளின் நுனியில் எல்லாம் தென்னை உதிர்த்த குரும்பையைச் செருகி வைத்திருப்பாள், பச்சையாகச் செருகியது காய்ந்து கறுத்து, வரிசையாகச் சின்னத் தலைகள்போல நிற்கும், கண்ணேறு கழிக்கத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கண்ணுக்குத்தான், ஆனால் வேறு விதத்தில், குனிந்து காய் பறிக்கும்போது குச்சி முனை நேராகக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும், குரும்பை இருந்தால் நெற்றியில் முட்டும், கண்ணில் ஏறாது. வேலியில் கள்ளி ஒடித்த கையைக் கண்ணருகே கொண்டுபோகவே விட மாட்டாள், கள்ளிப்பால் பட்ட கண் எரிந்து வீங்கிப் பார்வை மங்கும், பெரிய புண்ணாகவும் ஆகலாம். கல்லைப் புரட்டும் முன் களைக்கொத்தால் தட்டிச் சத்தம் கொடுப்பாள், தேளோ விரியனோ இருந்தால் அதுவும் போகட்டும், நாமும் பிழைப்போம் என்பது அவள் கணக்கு. ஆனால் முள் குத்தினால் மஞ்சளும் சுண்ணாம்பும் போதும் என்று நம்பினாளே, அந்த ஒன்றில் அவள் கட்சியில் நான் இல்லை, ரண ஜன்னிக் கிருமியின் வித்து துருவில் இருந்து வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, ஆழமாகக் குத்திய சின்னத் துளைதான் அதற்குப் பிடித்த இடம், பத்து வருடத்துக்கு ஒரு முறை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வதற்கு மாற்றாக எந்த இலையும் கிடையாது.

நொச்சியின் வாசனை புறவாசலுக்குக் கொண்டுபோனால், கோணிச் சாக்கின் வாசனை என்னை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும். கோடை விடுமுறைக்கு ஊட்டியில் மாமா வீட்டுக்குப் போவோம், மாமா அங்கே தபால் ஆபீசில் இருந்தார், பக்கத்து லைன் வீட்டில் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார், வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848ல் உருவாக்கத் தொடங்கிய அந்தப் பூங்காவை ஏதோ தன் தாத்தா போட்டது மாதிரிதான் அவர் பேசுவார். மே மாதம் மலர்க்கண்காட்சி, அதற்கு முந்தைய வாரங்களில் ஆயிரக்கணக்கான தொட்டிகளை மாடங்களில் ஏற்றி அடுக்க வேண்டும், காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார், பனி விலகாத புல்லின் ஈர வாசனை, யூகலிப்டஸ் சருகு எரியும் புகை, மேகத்துக்குள் வெள்ளிக்காசு போல ஒரு சூரியன். அவருடைய முழங்காலுக்கடியில் எப்போதும் ஒரு கோணிச் சாக்கு இருக்கும், நாலாக மடித்தது, மடிப்புக்குள் லாரி டியூப்பில் வெட்டிய ரப்பர்த் துண்டு, மண்டியிட்டால் ஈரமும் ஏறாது, கல்லும் உறுத்தாது, எழுந்திருக்கும்போது ஒரு காலை முன்னால் ஊன்றி, தொடையில் கையை அழுத்தி எழுந்திருப்பார், ஒரே குதியில் எழுந்து நான் பார்த்ததில்லை.

தொட்டியைத் தூக்கும் வித்தையை அவரிடம்தான் பார்த்தேன், தண்ணீர் விடும் முன்னே தொட்டி நகர்த்தும் வேலையெல்லாம் முடிந்துவிட வேண்டும், ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ, அதை ஏன் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பார். தொட்டிக்கு நெருங்கி நின்று, முழங்காலை மடக்கி இறங்கி, வயிற்றோடு அணைத்து எழுந்து, திரும்பும்போது இடுப்பைத் திருப்பாமல் பாதங்களைச் சின்னச் சின்ன எட்டாக வைத்து முழு உடம்பையும் திருப்புவார், பார்க்கப் பழைய கோயில் தேர் முக்கில் திரும்புவது மாதிரி இருக்கும். செடி வெட்டும் கத்தரியை ஒவ்வொரு சாயங்காலமும் சாணைக்கல்லில் தீட்டி எண்ணெய் போடுவார், மழுங்கிய கத்தரியை அழுத்தி அழுத்தித்தான் இளவட்டங்களுக்கு மணிக்கட்டு வீங்குகிறது என்று ஏளனமாகச் சொல்வார். ரோஜாவுக்கு மட்டும் இடது கையில் ஒரு தோல் உறை, கிளையைப் பிடிக்கும் கை அது, வெட்டும் வலது கைக்கு உறை கிடையாது, பிடி தெரியாமல் போகுமாம். இன்றைக்கு அந்தப் பூங்காவுக்குப் போனால் கூட்டம் முழுக்கத் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டிருக்கிறது, அந்தத் தொட்டிகளை அங்கே ஏற்றிவைத்த முதுகுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

முதுகு என்று எழுதும்போது நினைவு தானாக ஊருக்கே திரும்புகிறது, இந்த முறை புறவாசலுக்கு இல்லை, வயலுக்கு. பிசான நெல் நடுகை, மழை பிடித்துக்கொண்ட நாட்கள், தொளிச் சேற்றின் வாசனை, நாற்று முடியிலிருந்து சொட்டும் தண்ணீர், முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஒரு கை முடியைப் பிடித்திருக்க இன்னொரு கையால் நட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள், அவர்களுடைய குலவைச் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். அங்கே வெற்றிலைப் பெட்டி திறக்க முடியாது, பலகையை நகர்த்த முடியாது, பேசிய கூலிக்குப் பேசிய வயல் பொழுது சாயும் முன் நட்டு முடிய வேண்டும். ஒருத்தி இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து நின்றால் வரப்பிலிருந்து குரல் வரும், “ஏ பிள்ள, என்ன நிமுந்துக்கிட்டே நிக்க?” அந்தக் குரல் என் தாத்தாவுடையது, மண்ணு ஓடிப்போகாது என்று எனக்குச் சொன்ன அதே தாத்தா. அந்த வரிசையில் நின்ற ஒரு பெரியம்மை, குலவை போடுவதில் கெட்டிக்காரி, கடைசிக் காலத்தில் தெருவில் தரையைப் பார்த்தபடியேதான் நடப்பாள், ஒரு கை முழங்காலில் ஊன்றியிருக்கும், ஆளை அடையாளம் பார்க்கக் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் பார்ப்பாள். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், மருதாணி அரைத்து அப்பிக்கொள்வாள். என் தாத்தாவின் நேரான முதுகில் ஒரு பங்கு அவளுடையது.

குனியும் முதுகுக்குள் நடப்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள், 1960களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர், உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்கில் ஊசியைச் செலுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார், நேராக நிற்கும்போது இருக்கும் அழுத்தம், பாரத்தோடு குனியும்போது இரண்டு மடங்கையும் தாண்டுகிறது என்று காட்டினார், பிசியோதெரபி அறைகளில் தொங்கும் படங்களில் பல அந்த அளவிலிருந்து வந்தவை. அதே காலத்தில் கலிபோர்னியாவில் கீரைத்தோட்டங்களில் வேலை செய்த மெக்சிகக் கூலிகளின் கையில் இரண்டடிக்கும் குறைவான களைக்கொத்து இருந்தது, குட்டையன் என்றே அதற்குப் பெயர், நாள் முழுக்கக் குனிந்தால்தான் அதை வைத்து வேலை செய்ய முடியும், நீளக் கைப்பிடி கொடுத்தால் செடி சேதமாகும் என்று முதலாளிகள் சாதித்தார்கள், வரிசையில் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பது அவர்கள் வெளியே சொல்லாத வசதி. வழக்குகளுக்குப் பிறகு 1975ல் அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது, கீரை விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை. நம் பக்கத்தில் ஒற்றை நாற்று நடவோடு கோனோ வீடர் வந்து, நின்றபடியே தள்ளிக் களையெடுக்கலாம் என்று ஆனது, சேற்றில் தள்ளுவதற்குப் பலம் வேண்டும், ஆனாலும் நிமிர்ந்த முதுகு நிமிர்ந்த முதுகுதான். யூரியா மூட்டை 2018ல் ஐம்பது கிலோவிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைந்தது, சுமப்பவர் முதுகை நினைத்து இல்லை, மண்ணில் யூரியா குறையட்டும் என்று, எப்படியோ ஐந்து கிலோ குறைந்தது.

எங்கள் மொட்டை மாடியில் இப்போது எல்லாம் இருக்கிறது, பச்சை வலை, வரிசையாகப் பைகள், தேங்காய் நார்க் கழிவின் சப்பென்ற வாசனை, அந்த நார்க் கட்டி வாங்கும்போது ஐந்து கிலோ, தண்ணீர் குடித்ததும் ஒரு ஆளால் அசைக்க முடியாத பூதம். குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி வீட்டுப் பெண் ஆன்லைனில் வாங்கிய ரோஸ் நிற முழங்கால் மெத்தை விலைச்சீட்டோடு ஆணியில் தொங்குகிறது, அவர் மண்டியிடுவதில்லை, குனிந்துதான் பிடுங்குகிறார், கூடவே காதில் போன் வேறு, தலையைத் தோளோடு அழுத்தி. எனக்கு இப்போது ஞாயிறு தோட்டம் என்று ஒன்று இல்லை, தினமும் கால் மணி நேரம், முதல் ஐந்து நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா சுற்றிவருவது, பிறகு ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் களை, ஒரு நாள் தண்ணீர் மட்டும். பத்து லிட்டர் பூவாளியைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு இரண்டு கைக்கும் அரை அரையாக இரண்டு சின்ன வாளி எடுத்துக்கொண்டேன், தளத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, அதை நகர்த்துவேன், எட்ட மாட்டேன். குச்சி நுனிகளில் செருகக் குரும்பை கிடைக்கவில்லை, டேபிள் டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டுச் செருகியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், மறுபடி செருகுகிறேன்.

ஆனால் இந்தத் தோட்டத்தின் மண் தானாக ஐந்தாம் மாடிக்கு ஏறவில்லை. லிப்டில் மண் மூட்டை ஏற்றக்கூடாது என்று சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, அதனால் நர்சரியிலிருந்து வண்டி வந்தால் ஒரே ஒரு தம்பி தோளில் வைத்துப் படியேறுகிறான், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, ஆகவே அவன் நின்று மூச்சு விடுவதில்லை, மேலே நாங்கள் எந்தத் தொட்டி எங்கே என்று நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதும் மூட்டை அவன் தோளில்தான் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் போய்க் குனிவது எப்படி என்று கற்றுக்கொள்ளும் வசதி எங்களுக்கு இருக்கிறது, அவனுக்கு ஒரு வெற்றிலைப் பெட்டி நேரம்கூடக் கிடையாது, வரப்பிலிருந்து வந்த அந்தக் குரல் மூட்டைக் கணக்காக மாறி இங்கே படிக்கட்டிலேயே இருக்கிறது. போன கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினேன், லிப்டின் தரையில் தார்ப்பாய் விரித்தால் அழுக்காகாது என்றேன், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

உங்கள் மாடியிலும் தோட்டம் இருந்தால், அடுத்த முறை மண் வரும்போது லிப்டைத் திறந்துவிடுங்கள், முடியாதென்றால் மூட்டையை இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள், மூட்டைக் கணக்கை விட்டு நாள் கூலி பேசி, ஒருவர் வருகிற இடத்தில் இருவரை வரச் சொல்லுங்கள், நடுவில் உட்கார ஒரு நாற்காலியும் ஒரு சொம்பு மோரும் கொடுங்கள், பிறகு உங்கள் இடுப்பைப் பற்றி யோசிக்கலாம்.